அடைக்குருவி

குருவி முட்டைக்கு ஷேடு பார்ப்பது பல்லுக்குப் பார்ப்பதைவிடக் கஷ்டம். பல் என்றால் நிற மாதிரிகள் ஒட்டிய ஷேடு கார்டை வாயருகே பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் போதும். எல்லோரும் வெள்ளை என்று சொல்வது வெள்ளையே இல்லை, மஞ்சளும் சாம்பலும் கலந்த ஏதோ ஒன்று என்பது பல் கட்டுகிற இந்த வேலைக்கு வந்த புதிதிலேயே தெரிந்துவிடும். முட்டை அப்படி இல்லை. சாம்பல் படிந்த வெள்ளையின் மேல் பழுப்புத் தீற்றல், ஒரு முனையில் அடர்த்தி, மறுமுனையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி. ஒன்றைப் போல இன்னொன்று கிடையாது. மதியம் லேபில் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு நான் கடைசி முட்டைக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜையில் பாலிஷ் போடுகிறவள் கையில் சாப்பாட்டு டப்பாவோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இது எந்த வாய்க்கு?"

"குருவிக்கு."

"குருவிக்குப் பல்லு கட்டறியா? எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தாரு?"

சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். விளக்கிச் சொல்ல ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் போதாது. சொன்னாலும் என்னைப் பற்றி ஒரு மாதிரிதான் நினைப்பாள்.

கடல் கடந்து வந்து நாங்கள் குடியேறிய இந்த ஊரில், எங்கள் வீட்டுப் பின்பக்கம் கம்பத்துக்கு ஒன்றாக இரண்டு மரப்பெட்டிகள் இருக்கின்றன. முன்னால் வட்டமாக ஒரு துளை, பக்கவாட்டில் கொக்கி நீக்கித் திறக்கிற பலகை. பறவை உள்ளே போய்க் கூடு கட்டிக்கொள்ளலாம். மாட்டிக் கொடுத்தவர் தெருக்கோடியில் இருக்கும் தொப்பிக்காரர். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போதுகூடத் தலையில் தொப்பி இருக்கும். நீலக்குருவிகள் இந்த மண்ணின் பறவைகள், மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பழைய பொந்தில்தான் அவை முட்டையிடும், இப்போது பட்ட மரத்தை யாரும் நிற்க விடுவதில்லை, ஆகவே பெட்டி என்று அவர்தான் விளக்கினார். அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல மனிதர் என்று நினைத்திருப்பேன். சிட்டுக்குருவியைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள் என்றும் சொன்னார். யாரோ எப்போதோ கப்பலில் கொண்டுவந்து விட்டதாம். இந்த ஊர்ப் பறவைகளின் குடியைக் கெடுப்பதே அதுதானாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நம் ஆட்களில் யாரிடமாவது போய்ச் சிட்டுக்குருவி பொல்லாதது என்று சொல்லிப் பாருங்கள். அது வீட்டில் கூடு கட்டினால் நல்லது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம்.

போன வருஷம் நானே பார்த்தேன். நீலக்குருவி முட்டையிட்டிருந்த பெட்டியில் இரண்டு நாளாகச் சத்தமில்லையே என்று திறந்தால், உள்ளே வைக்கோலும் பிளாஸ்டிக் நூலுமாக வேறொரு கூடு. விரலால் நீக்கிப் பார்த்தபோது அடியில் நீல இறகு தெரிந்தது. தாய்ப்பறவை தன் முட்டைகளின் மேலேயே கிடந்தது. மண்டையில் ஓர் இறகில்லை, கொத்திக் கொத்தி எலும்பு வரைக்கும் போயிருந்தது. அதை வெளியே எடுத்துப் போடக்கூட இல்லை, மேலேயே வீட்டைக் கட்டியாயிற்று. பெட்டியின் உச்சியில் ஆண் சிட்டுக்குருவி உட்கார்ந்து சந்தோஷமாகக் கத்திக்கொண்டிருந்தது. தொப்பிக்காரர் சொன்னதில் தப்பில்லை என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டேன்.

இந்த வருஷம் இரண்டும் வந்தன. ஒரு பெட்டியில் நீலக்குருவி ஜோடி, நான் அசந்த நேரத்தில் இன்னொன்றில் சிட்டுக்குருவி ஜோடி. கூட்டைப் பிய்த்துப் போட்டுவிடுகிறேன் என்று தொப்பிக்காரரிடம் சொன்னபோது அவர் கையெடுத்துக் கும்பிடாத குறை. "அந்தத் தப்பை மட்டும் பண்ணிடாதீங்க. கூடு போச்சுன்னா ஆணுக்கு வெறி புடிச்சிடும். நேரா அடுத்த பெட்டிக்குப் போய் அங்க இருக்கறதை எல்லாம் கொன்னுட்டுத்தான் ஓயும். முட்டைய மட்டும் மாத்துங்க. பொய்முட்டைன்னு தெரியாம அது பாட்டுக்கு அடை உக்காரட்டும். அடை உக்காந்த குருவி ஊர்வம்புக்குப் போகாது." அவர் கொடுத்த மர முட்டைகளைக் கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் காலை அவை தரையில் கிடந்தன. குருவி முட்டாள் இல்லை. அளவும் பெரிது, வெள்ளையும் கண்ணைக் குத்துகிற வெள்ளை.

அங்கேதான் எனக்குத் தொழில் ரோஷம் வந்தது. ஊரில் எத்தனையோ பேர் நான் செய்த பல்லைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். செய்து கொடுத்த எனக்கே சில சமயம் அவர்களுடைய சொந்தப் பல் எது என்று மறந்துபோகும். என் கையால் செய்ததை ஒரு குருவி தள்ளிவிடுமா, பார்த்துவிடலாம் என்று தோன்றியது. நிஜ முட்டை ஒன்றை லேபுக்கு எடுத்துப்போய் அச்சு எடுத்து, பல் செய்கிற அக்ரிலிக்கை ஊற்றி, எடைக்கு நடுவில் கொஞ்சம் பிளாஸ்டர் வைத்து, வண்ணம் தீட்டி, பளபளப்பை மட்டும் தேய்த்து எடுத்துவிட்டேன். பெண் குருவி இரை தேடிப் போன நேரத்தில் மாற்றி வைத்தேன். அது திரும்பி வந்தது, உள்ளே போனது, வெளியே வரவில்லை. நிஜ முட்டைகளை மாத்திரை டப்பா ஒன்றில் போட்டு ஃப்ரீஸரில் பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பின்னால் வைத்தேன். ஆரம்பத்திலேயே எடுத்துவிட்டால் ஒன்றும் தெரியாது என்று தொப்பிக்காரர் சொல்லியிருந்தார். யாருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இதெல்லாம் என்னோடும் தொப்பிக்காரரோடும் போயிருந்தால் வம்பில்லை. வீட்டில் அண்ணி இருந்தார்.

அண்ணி என் வீட்டுக்காரருடைய கூடப்பிறந்த அக்கா. தையல் டீச்சர். ஊசி, நாக்கு இரண்டும் கூர். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே, "பல்லு கட்டற பொண்ணா? நம்ம வீட்ல எல்லாருக்கும் பல்லு கெட்டியாத்தானே இருக்கு" என்று சொன்னவர். அதற்கப்புறம் பல வருஷம் எனக்கும் அவருக்கும் எலியும் பூனையும்தான். நான் தைத்த பொத்தானைப் பிய்த்து அவர் மறுபடி தைப்பார், அவருக்குத் தெரியாமல் அதை நான் மறுபடி பிய்ப்பேன். அவருடைய கணவர் குளியலறையில் விழுந்து, மருத்துவமனையில் மூச்சு மிஷினோடு வெகுநாள் கிடந்து போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் கிடையாது. இவர் போய் அக்காவைக் கையோடு கூட்டிவந்தார். வந்த அண்ணி வேறு யாரோ. தோட்டத்தைப் பார்த்த பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்தார். கொடுத்தால் சாப்பிட்டார், எழுப்பினால் குளித்தார். சண்டைக்காவது வரமாட்டாரா என்று ஒருநாள் வேண்டுமென்றே அவருடைய புடவையில் மட்டமாகக் கரை மடித்துத் தைத்து வைத்தேன். அதையும் பேசாமல் உடுத்திக்கொண்டார். அன்று சமையலறையில் நின்று அழுதேன்.

அந்த மனுஷி ஒருநாள் காலை தானாக எழுந்து வந்து, "ரொட்டி இருக்கா?" என்று கேட்டார். எங்களுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பசிக்கிறது போலிருக்கிறது என்று இவர் வெண்ணெயை எடுத்தார். அண்ணி ஒரு துண்டை வாங்கிக்கொண்டு போய்ப் பின்னறை ஜன்னலில் பிட்டுப் போட்டார். ஜன்னல் கட்டையில் உட்கார்ந்திருந்தது அந்தப் பெண் சிட்டுக்குருவி.

அதிலிருந்து அவருக்கு அதுதான் வேலை. ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். குருவி பெட்டிக்குள் போவதும் வருவதும் அங்கிருந்து நன்றாகத் தெரியும். "அடை உக்காந்திருக்கு" என்று ஒருநாள் காலை இட்ட அறிவிப்பில் பழைய டீச்சர் குரல் கொஞ்சம் இருந்தது. நான் முட்டையை மாற்றிய மறுநாள் அது. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். இவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். லிஃப்ட் ரிப்பேர் வேலை இவருக்கு, நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பவர்களிடம் 'இதோ ஆச்சு, இதோ ஆச்சு' என்று சொல்லிச் சொல்லி எதற்கும் அதே குரல்தான் வரும்.

"சொல்லிடாதே. இப்பதான் எழுந்து உக்காந்திருக்கா."

"பொரியாதுங்க. பொரியலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"அப்போ பாத்துக்கலாம். அதுக்குள்ள இன்னும் கொஞ்சம் தேறிடுவா."

தேறினார் என்பதுதான் கொடுமை. காலையில் முதல் ஆளாகக் குளித்தார். தலையை வாரிப் பின்னிக்கொண்டார். குழம்பில் உப்பு தூக்கல் என்று என்னிடம் சொன்னார். உப்பு சரியாகத்தான் இருந்தது, ஆனால் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆண் குருவிக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார். பெண்ணை 'இவ' என்றே சொன்னார். "இவ இன்னிக்கு வெளியவே வரல, பாவம், பசிக்காதா?" அடுத்த பெட்டியில் நீலக்குருவிகளுக்குக் குஞ்சு பொரிந்து, தாயும் தகப்பனும் வாயில் புழுவோடு பறந்து பறந்து வந்தபோது அண்ணி உதட்டைச் சுழித்தார். "அந்த நீலக்கலர்க்காரி ரொம்பத்தான் அலட்டிக்கறா. ஊர்ல யாரும் புள்ளை பெத்ததே இல்ல போல."

நான் லேபில் உட்கார்ந்து யாருடைய கடைவாய்ப் பல்லையோ சீவிக்கொண்டிருக்கும்போது மனசு பெட்டிக்குள் போய்விடும். அந்தக் குருவி அக்ரிலிக்கை அலகால் மெல்லப் புரட்டிவிட்டு மறுபடி உட்காரும். எல்லாப் பக்கமும் சூடு படவேண்டும் அல்லவா. ஒருமுறை பலகையைத் திறந்து பார்த்தபோது அது பறக்கவில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு என்னையே பார்த்தது. போன வருஷம் மண்டை கொத்தப்பட்டுக் கிடந்த நீலத்தை நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டால்தான் பலகையை மூட முடிந்தது.

"பக்கத்துல குஞ்சு கத்துது. இது மட்டும் ஏன் இன்னும் பொரியல?" என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அண்ணி கேட்டார்.

"குளிர் ஜாஸ்தியா இருக்குக்கா, அதான். இன்னும் ரெண்டு நாள்ல ஆயிடும்" என்றார் இவர்.

அண்ணி சாப்பிடுவதை நிறுத்தித் தம்பியின் முகத்தையே பார்த்தார். "ரெண்டு நாளா?" என்றார். இவர் குனிந்து தட்டைப் பார்த்தார், நான் தண்ணீர் எடுக்க எழுந்தேன். மறுநாள் தெருவில் பார்த்த தொப்பிக்காரர், நீலக்குஞ்சுகளுக்கு இறகு முளைத்துவிட்டது, ஒரு வாரம் தாக்குப்பிடித்தால் பறந்துவிடும் என்று பல்லெல்லாம் தெரியச் சொன்னார். மேல் பல்வரிசை என் கைவேலை. ஒரு வாரம்தானே, ஓட்டிவிடலாம் என்று நானும் கணக்குப் போட்டேன்.

ஒரு வாரம் ஆகவில்லை. அன்று வேலை முடிந்து வந்தபோது வீடு திறந்து கிடந்தது. ஜன்னலோர நாற்காலி காலி. பின்பக்கம் போனேன். சிட்டுக்குருவிப் பெட்டியின் அடியில் சமையலறை ஸ்டூல் போட்டிருந்தது, பக்கவாட்டுப் பலகை திறந்து தொங்கியது. அண்ணி கீழே கல்தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் மூடி மடியில் வைத்திருந்தார்.

"அண்ணி, என்ன ஆச்சு?"

"இவளுக்கு உடம்பு சரியில்லையோன்னு பாக்கலாம்னு ஏறினேன். பயந்து பறந்துட்டா. ஒண்ணு கைதவறிக் கீழே விழுந்துச்சு." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கல்லுல விழுந்துச்சு. உடையல."

திறந்து தொங்கிய பலகையை நிமிர்ந்து பார்த்தேன்.

"புள்ளி நல்லா வெச்சிருக்கே. நீதானே?"

"ஆமா அண்ணி."

"அவனுக்கும் தெரியுமா?"

தலையாட்டினேன். அண்ணி கையைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் குரல் சாதாரணமாக, கடைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோல இருந்தது.

"ஆஸ்பத்திரில முதல் நாளே டாக்டர் சொல்லிட்டாராம், இனி இவர் எழுந்துக்க மாட்டார்னு. அங்க இருந்த நர்ஸ் ஒருத்தி அப்புறமா சொன்னா. உன் வீட்டுக்காரன்தான் எங்கிட்ட சொல்ல வேணாம்னானாம். ரெண்டு நாள், ரெண்டு நாள்னு நான் அவர் கையப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். கை சூடாத்தான் இருந்துச்சு. மிஷின் ஓடுற வரைக்கும் சூடா இருக்குமாமே. எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொடலாமா என்று தெரியவில்லை, தொட்டேன். தோளை நகர்த்திக்கொள்ளவில்லை. அவரிடம் என்னவெல்லாமோ சொல்ல வேண்டும் போலிருந்தது, அதற்குள் மேலே சத்தம் கேட்டது.

மாப்பிள்ளை அடுத்த பெட்டியின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. நீலக்குருவிகள் இரண்டும் அதைச் சுற்றிச் சுற்றிக் கத்திப் பறந்தன. அது அசரவில்லை. தலையைத் தாழ்த்தித் துளைக்குள் பார்த்தது, இறங்கித் துளையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. உள்ளே குஞ்சுகள் இரை வருகிறது என்று நினைத்துக்கொண்டு கூச்சலிட்டன. நான் எழுந்து ஓடிக் கையைத் தட்டினேன். அது வேலிக்குப் போய் உட்கார்ந்து, நான் திரும்பியதும் மறுபடி வந்தது. செருப்பைக் கழற்றி எறிந்தேன். மறுபடி வந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒருவர் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? விடிந்தால் லேபுக்குப் போகவேண்டும்.

"அது என்ன பண்ணுது?" என்று அண்ணி கேட்டார்.

சொன்னேன். தொப்பிக்காரர் சொன்னதை, போன வருஷம் பார்த்ததை, எலும்பு வரை கொத்தப்பட்ட மண்டையை, மேலே கட்டிய கூட்டை, எல்லாவற்றையும் சொன்னேன். ஃப்ரீஸரில் இருப்பதையும் சொல்லிவிட்டேன். 'மாப்பிள்ளை' என்று வாய் தவறிக்கூட வந்துவிடக் கூடாது என்று கவனமாகச் சொன்னேன்.

"இப்போ என்ன பண்ணா அடங்கும்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அவர் மூடிய கைக்குள் இருந்தது பதில். இத்தனையும் தெரிந்த பிறகு அந்த மனுஷியிடம் போய், கொடுங்கள், மறுபடி ஏமாற்ற வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது? அண்ணி என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். டீச்சர் அல்லவா, புரிந்துகொள்ள நேரம் ஆகவில்லை.

"இன்னும் எத்தனை நாள் இவ உக்காரணும்?"

"அந்தக் குஞ்சுங்க பறக்கற வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"தானா சலிச்சுப் போய் எழுந்து போயிடும் அண்ணி."

"யாரும் சலிச்சுப் போய் எழுந்துக்க மாட்டாங்க. யாராவது வந்து எழுப்பணும்" என்றார். அப்புறம், "எழுப்புவியா?"

"நானே எடுத்துடறேன் அண்ணி. அதுங்க பறந்த அன்னிக்கே."

அவர் அதை நம்பினாரா என்று தெரியவில்லை. கல்தரையில் கையூன்றி எழுந்து, ஸ்டூலில் ஏறினார். நான் கால்களைப் பிடித்துக்கொண்டேன், ஸ்டூலின் காலையும் சேர்த்து. கையிலிருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக வைத்தார். கடைசி முட்டையை வைக்குமுன் அதைத் திருப்பிப் பார்த்து, கீழே விழுந்ததில் ஒரு பக்கம் பெயிண்ட் பெயர்ந்திருந்ததைக் கட்டைவிரலால் தடவினார். பெயர்ந்த பக்கம் அடியில் வரும்படி வைத்து, வைக்கோலைச் சரிசெய்து, பலகையை மூடிக் கொக்கியைப் போட்டார். நான் பார்த்த வரையில் அவர் எந்தப் பொத்தானையும் அவ்வளவு மெதுவாகத் தைத்ததில்லை.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றோம். ஆண் குருவி மறுபடி நீலக்குருவிப் பெட்டிக்கு வந்துவிட்டது. இந்த முறை தலையும் கழுத்தும் துளைக்குள் போயின. அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தார். வேலிக்கு அப்பாலிருந்து பெண் குருவி வந்தது. தன் பெட்டியின் உச்சியில் உட்கார்ந்தது, ஜன்னல் பக்கம் பார்த்தது, அங்கே அண்ணி இல்லை. ஒரு தரம் கத்தியது. ஆண் தலையை வெளியே எடுத்து அதைப் பார்த்தது.

பெண் இறங்கித் துளையைப் பற்றிக்கொண்டது. உள்ளே எட்டிப் பார்த்தது, வெளியே பார்த்தது, மறுபடி உள்ளே. அண்ணியின் விரல்கள் என் கையை இறுக்கின. அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. போ என்கிறாரா, போகாதே என்கிறாரா என்று எனக்குக் கேட்கவில்லை. குருவி பாதி உடம்பை உள்ளே நுழைத்திருந்தது. வால் மட்டும் வெளியே தெரிந்தது.